எச்சில் காற்று

தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டு, மூச்சு முட்டுகிற நேரத்தில், கைக்கு வந்த ரெகுலேட்டரை யாராவது அலசுவார்களா? நான் அலசினேன். மூன்று தடவை. டாக்குரியா ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நீச்சல் கிளப்பின் குளத்தில், கொட்டுகிற ஆகஸ்ட் மழையில், ஏழு பேர் பார்க்க.

ரெகுலேட்டர் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. முதுகில் கட்டியிருக்கும் காற்று சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வரும். அதன் நுனியில் இருக்கும் ரப்பரைப் பல்லில் கடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். அன்றைய பாடம், இரண்டு பேர் ஒரே ரெகுலேட்டரை மாற்றி மாற்றிக் கடித்து மூச்சு விடுவது. கடலுக்குள் ஒருவருக்குக் காற்று தீர்ந்துபோனால் மற்றவர் காப்பாற்றிக் கொண்டுவர வேண்டுமே, அதற்கு. எனக்கு ஜோடியாக வாய்த்தவர் லேக் கார்டன்ஸில் குடியிருந்த ஒரு பூகோள டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல பூசினாற்போல உடம்பு, எதற்கும் சிரிப்பு. எல்லோரையும் போல நானும் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்றேன்.

தீதி இரண்டு மூச்சு இழுத்துவிட்டு ரெகுலேட்டரை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆட்டி, கட்டைவிரலால் ரப்பரைத் தேய்த்து, மறுபடியும் ஆட்டி... அதற்குள் என் மூச்சு முடிந்துவிட்டது. குளத்துத் தண்ணீரை ஒரு வாய் விழுங்கிவிட்டு மேலே பாய்ந்தேன். தீதியும் பின்னாலேயே வந்து இருமினார்.

"ஆரே பாபா! கீழே என்ன பாத்திரமா தேய்ச்சிட்டிருந்தே?" என்றார் பயிற்சியாளர். முப்பது வயதுக்காரர். அந்தமானில் டைவிங் படகு வைத்திருந்தார். மழைக்காலத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும் என்பதால் கொல்கத்தாவுக்கு வந்து இப்படிக் குளத்தில் ஆள் பிடிப்பார்.

எங்கள் வீட்டில் தம்ளரில் யாரும் உதடு வைக்க மாட்டார்கள். அண்ணாந்து, தூக்கி, ஊற்றித்தான் குடிப்போம். அப்பாவின் துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து பெஹாலாவுக்கு வந்து வருஷங்கள் ஆகியும் அம்மா விட்டுக்கொடுக்காத இரண்டு விஷயங்கள் எச்சில், சைவம். தீதியோ நல்ல இலீஷ் மீன் சீசனில், கடுகு அரைத்து வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நேராகக் குளத்துக்கு வருகிறவர். அந்த ரப்பரில் எனக்குக் கடுகு வாசனையே வந்தது. தண்ணீருக்கடியில் வாசனை தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது.

கரையில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தபோது தீதியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வீட்டிலயும் எச்சில் பார்ப்போம்டி, சோத்துக்கு. மூச்சுக்கு எச்சில் பார்க்கிற பொண்ணை இப்பத்தான் பார்க்கிறேன்!"

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. டிசம்பரில் பயிற்சியாளரின் படகு அந்தமானில் கிளம்ப இருந்தது. காலையில் போய் மாலையில் கரை திரும்புகிற படகு அல்ல. அதிலேயே தூங்கி, அதிலேயே தின்று, கண் விழித்ததும் கடலில் குதிக்கிற படகு. எட்டுப் பேர், ஆறு நாள், வண்டூருக்கு எதிரே சிதறிக் கிடக்கும் தீவுகளின் கடல் பூங்கா. சின்ன வயதில் அப்பா என்னைக் கிதிர்பூர் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்தமான் கப்பல் கிளம்புவதைப் பார்த்துவிட்டு அழுவேனாம். அதில் ஏற வேண்டும் என்று அழுவேனாம். இப்போது எம்.எஸ்ஸி. முடித்தாயிற்று, வேலைக்கு விண்ணப்பங்கள் போட்டாயிற்று, கையும் காலும் சும்மா இருக்க மறுக்கின்றன. இந்தப் படகில் போகாவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

பயிற்சியாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "காத்தைப் பகிரத் தெரியாத ஆளை நான் தண்ணியில இறக்க மாட்டேன். படகில் வரலாம். ஆறு நாளும் மேல உட்கார்ந்து எல்லாருக்கும் கமலா ஆரஞ்சு உரிச்சுக் கொடுக்கலாம்."

அடுத்த வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. அன்று வேறு பாடம். ரெகுலேட்டர் பழுதானால் காற்று நிற்காமல் பீறிட்டுக் கொட்டும். அப்போது அதைக் கடித்து மூடக் கூடாது. உதட்டோரம் பிடித்துக்கொண்டு, கொட்டுகிற காற்றில் வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவராக முயன்றார்கள். ஒவ்வொருவராகப் புரையேறி மேலே வந்தார்கள். தீதிக்கு மூக்கு வழியாகவே தண்ணீர் வந்தது.

என் முறை. நான் தலையை லேசாக அண்ணாந்து, வாயைத் திறந்து, ரப்பரை உதட்டில் படாமல் பிடித்தேன். தொண்டைக்குத் தானாகவே தெரிந்தது, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று. காற்று சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு கன்னத்தில் ஓடியது. நான் பாட்டுக்கு நின்றேன். பயிற்சியாளர் சலித்துப்போய் என் தோளைத் தட்டி மேலே கூட்டிவந்தார்.

"இதை எங்கே கத்துக்கிட்டே?"

"வீட்டில. தண்ணி குடிக்கறப்போ."

அவர் நம்பவில்லை. கிளப் கேன்டீனிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் தூக்கி ஊற்றிக் குடித்துக் காட்டினேன். ஏழு பேரும் கைதட்டினார்கள். ஆனாலும் பழைய பாடம் பாக்கியாகவே நின்றது. மறுபடி ஒரு முறை முயன்று, மறுபடியும் அலசினேன். இந்தத் தடவை இரண்டு முறைதான். முன்னேற்றம்!

தீதி விடுவதாக இல்லை. டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் ஒரு டீக்கடைக்கு என்னை இழுத்துப்போனார். அங்கே டீ மண் குவளையில் வரும். குடித்ததும் உடைத்துப் போட்டுவிடலாம், அடுத்தவர் வாய் படாது. அந்தக் குவளை மேல் எனக்கு எப்போதுமே தனி மரியாதை.

"ஒரே குவளை. ரெண்டு பேர். நான் ஒரு வாய், நீ ஒரு வாய்" என்றார் தீதி. குடித்துவிட்டு நீட்டினார்.

வாங்கினேன். கை தானாக மேலே போனது. கொதிக்கிற டீயை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். நாக்கு வெந்து நான் குதித்த குதிப்பில் டீக்கடைக்காரர் தண்ணீரோடு ஓடி வந்தார். அந்தத் தண்ணீரையும் தூக்கித்தான் குடித்தேன்.

"உன்னைத் திருத்த முடியாது, பொண்ணே" என்றார் தீதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆரஞ்சுக்குத் தயாராகு."

வீட்டில் இது எதையும் சொல்லவில்லை. டீச்சர் கூட வருகிறார் என்பதால் அம்மா சம்மதித்திருந்தாள். அப்பாவுக்குக் கப்பல் என்றால் ஆட்சேபமே கிடையாது. அம்மாவின் கவலை வேறு.

"அங்க என்னத்தட்டி திம்பே? சுத்தியும் மீனுல்லா!"

"அந்த மீனையெல்லாம் பாக்கத்தாம்மா போறேன்."

"பாத்துட்டு வா. அதோட நிறுத்திக்கோ" என்று சொல்லி, புளிக்காய்ச்சலை ஒரு பெரிய டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

கிதிர்பூரில் கப்பல் ஏறினோம். அப்பா கீழே நின்று, எனக்குக் கை காட்டுவதை விட்டுவிட்டு, கயிறு அவிழ்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹூக்ளி ஆற்றைக் கடந்து கடலுக்குள் வரவே நெடுநேரமாயிற்று. பிறகு மூன்று நாள் சுற்றிலும் தண்ணீர். செம்மண் நிறத்தில் தொடங்கி, பச்சையாகி, கடைசியில் பேனா மை நீலம். தின்னவும் தூங்கவும் தவிர நான் கைப்பிடிக் கம்பியை விட்டு நகரவில்லை. தீதி கீழே படுத்து, புளிக்காய்ச்சலை விரலால் தொட்டு நக்கிக்கொண்டே குமட்டலைச் சமாளித்தார். டப்பாவில் பாதி அப்படியே போயிற்று. டப்பாவுக்குள் விரல் போவதைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தமானில் இறங்கி ஏறிய டைவிங் படகு நான் நினைத்ததைவிடச் சின்னது. அறைக்கு இரண்டு பேர், ஒருவர் எழுந்தால் மற்றவர் படுக்க வேண்டும். பூங்கா எல்லையில் நங்கூரம் போட்டிருந்தோம். முதல் நாள் காலை, எல்லோருக்கும் சோதனை முழுக்கு. இரண்டு ஆள் ஆழத்தில் வெள்ளை மணல் தரை. பயிற்சியாளர் எங்கள் முன்னால் மண்டியிட்டு, தீதியைக் காட்டினார், என்னைக் காட்டினார், வாயைக் காட்டினார். என் ஆறு நாளும் அந்த நிமிஷத்தில்தான் இருந்தது.

என் ரெகுலேட்டரைத் துப்பினேன். தீதி இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் தன்னுடையதை நீட்டினார். வாங்கினேன். கட்டைவிரல் ரப்பரிடம் போய்விட்டது.

குளத்தில் தண்ணீர் கலங்கல். ரப்பரைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. இங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி. தீதியின் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மூச்சை அடக்கக் கூடாது, சிறு குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. அவருடைய உதட்டிலிருந்து குமிழிகள் ஒன்றொன்றாக ஏறின. பிறகு சின்னதாயின. அவர் என்னை அவசரப்படுத்தவில்லை, கையை நீட்டவும் இல்லை. கண்ணை மட்டும் அகலமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். காற்று என் கையில் இருந்தது.

குளத்திலும் இப்படித்தான் நின்றிருக்கிறார். மூன்று அலசல், அப்புறம் இரண்டு அலசல். அதனால்தான் அந்த இருமல். எனக்கு மூச்சு முட்டியது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது!

கடித்தேன். இழுத்தேன். இரண்டு மூச்சு. சட்டென்று அவர் கையில் திணித்தேன். அவர் இரண்டு. நான் இரண்டு. நான்காவது சுற்றில் தீதி வேண்டுமென்றே ரப்பரைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆட்டி, கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். நான் சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, பிறகு இரண்டு கையாலும் சரி என்று காட்டினார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! மணல் முடிந்து பவளம் தொடங்கியது. கடல் அமைதியாக இருக்கும் என்று யார் சொன்னது? எங்கு திரும்பினாலும் வாணலியில் கடுகு பொரிகிற சத்தம். ஏதோ சின்ன இறால்கள் போடுகிற சத்தமாம். பச்சையும் ரோஜாவுமாக ஒரு கிளிமீன் வந்து பவளத்தை நறுக் நறுக்கென்று கடித்தது, முறுக்கு தின்பது போல. தின்றுவிட்டுப் பின்பக்கமாக வெள்ளை மணலைத் தூவிக்கொண்டு போனது. நான் மண்டியிட்டிருந்த அழகான மணல் அப்படி வந்ததுதான் என்று மேலே வந்த பிறகு தெரிந்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். எச்சிலாம், எச்சில்!

ஒரு நாளைக்கு மூன்று முழுக்கு. முழுக்குக்கும் முழுக்குக்கும் நடுவில் படகின் மேல்தளத்தில் ஈர முடியோடு கிடந்து, சோறும் பருப்பும் கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு போஸ்தோவும் தின்றோம். நான்காம் நாள் ஓர் ஆமை எங்களுக்கு நடுவில் புகுந்து, இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது போலப் போனது. தீதி பாதி கடித்துவிட்டுக் கொடுத்த பிஸ்கட்டை அன்று வாங்கித் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் நினைவே வந்தது. ஆரஞ்சு உரித்தவர் பயிற்சியாளர்.

ஊர் திரும்பிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தீதி போட்டோக்களோடு பெஹாலா வீட்டுக்கு வந்தார். அம்மா இட்லி வைத்தாள். அம்மாவின் பெங்காலி பாதி, தீதிக்குத் தெரிந்த இந்தி பாதி என்று பேச்சு ஓடியது. திடீரென்று தீதி, "மாசிமா, உங்க பொண்ணு கடலுக்கடியில என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். பயனில்லை. குளம், அலசல், கட்டைவிரல், கடல், ஒரே ரெகுலேட்டர் என்று நடித்தே காட்டினார்.

அம்மாவின் கை இட்லித் தட்டில் அப்படியே நின்றது. நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி" என்றாள் அம்மா தமிழில். "ஒரு பொம்பளப் பிள்ள மூச்சில்லாம நிக்கா, நீ அலசிக்கிட்டா நின்னே? கூறு இருக்கா ஒனக்கு?"

"இல்லம்மா, எச்சி..."

"கடல் பூரா உப்புத் தண்ணி. அதுல கெடக்கிறதுக்கு என்னட்டி எச்சி? இன்னொரு மட்டம் இப்பிடிச் செஞ்சேன்னு கேட்டேன், தோலை உரிச்சிருவேன்!"

இன்னொரு மட்டம் என்றால் இன்னொரு பயணம்! நான் தலையைத் தூக்கினேன். அடுத்த டிசம்பரும் அப்போதே கிடைத்துவிட்டது. தீதிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அம்மா திட்டுகிறாள் என்று பயந்து, சமாதானமாக ஏதாவது செய்ய வேண்டுமென்று, முன்னால் இருந்த தம்ளரை எடுத்து, எங்களைப் போலவே அண்ணாந்து, தூக்கி ஊற்றினார். பாதி மூக்கில், மீதி கழுத்தில், புடவை முழுக்க.

அம்மா சிரித்த சிரிப்பில் அப்பா பேப்பரை வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தார். துண்டை எடுத்துத் தீதியின் தோளில் போட்டுவிட்டு, அம்மா தம்ளரை மறுபடி நிரப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க வாய் வச்சே குடிங்க, டீச்சர்."