கப்பலுக்கு வாழ்க்கைப்பட்டவள்

போர் தொடங்கிய மறுவருடம் கடற்படைக்குக் கொதிகலன் அறையில் வேலை பார்க்க ஆள் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? கப்பலின் அடிவயிற்றில், வெளிச்சம் எட்டாத இடத்தில், கரி அள்ளிப் போட்டே வேகவேண்டும். கப்பல் மூழ்கினால் முதலில் சாகவும் வேண்டும். அதுவரை போர்க்கப்பல்களுக்குத் தளபதிகளின் பெயரைத்தான் வைத்து வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அலை கொஞ்சம் தூக்கினாலே வாந்தி எடுப்பவர்கள். மேலிடத்தில் ஒரு மூளைக்காரர் யோசனை சொன்னார்: ஒரு கப்பலுக்குக் கரி அள்ளுகிறவன் பெயரை வைத்துப் பார்ப்போம், நாலு பேர் வந்து சேருவார்கள். உடனே செத்துப்போன கரிக்காரன் ஒருவனைத் தேடினார்கள். காஜாக்காரியின் புருஷன் அகப்பட்டான்.

அவள் சீருடை தைக்கும் கூடத்தில் காஜா எடுப்பவள். சட்டையில் பொத்தான் நுழையும் துளையை வெட்டி, ஓரம் பிரியாமல் நூல் கட்டுவதுதான் வேலை. அவள் கட்டிய காஜா, சட்டை கிழிந்தாலும் கிழியாது. வயது முப்பத்துநான்கு. வாய் மட்டும் எழுபது வயதுக்காரியுடையது.

புருஷன் இறந்த சேதியைக் கொண்டுவந்த அதிகாரி நின்றபடியே படித்தார். குழாய் வெடித்ததாம். எல்லோரும் மேலே ஓடியபோது இவன் மட்டும் திரும்பிப் போய், கொதிக்கும் நீராவிக்குள் கையை விட்டு வால்வை மூடினானாம். கப்பல் தப்பியதாம்.

"யாரு, இவரா? வீட்டுல குழாயத் திறந்தா மூடத் தெரியாத மனுஷன் சார் அவரு. நான்தான் பின்னாடியே போயி மூடுவேன்" என்றாள் காஜாக்காரி.

துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். அவள் பிதற்றவில்லை. அவளுக்கு ஆத்திரம். நடந்தது உண்மைதான் என்று பிறகு கூட இருந்தவர்கள் சொன்னார்கள், அப்போது ஆத்திரம் இன்னும் கூடியது. ஊரான் வீட்டு இரும்புக்காக மூடியவன் தனக்காக ஒரு நாள் மூடியிருக்கக் கூடாதா என்று அழுதாள். அன்றைக்கு அழுததோடு சரி.

கப்பலைக் கடலில் இறக்கும் விழாவுக்கு அவளைக் காரில் கூட்டிப் போனார்கள். முகப்பில் அவன் பெயர், தகப்பன் பெயரோடு, ஆள் உயர எழுத்தில். கையில் ஒரு புட்டியைக் கொடுத்து, கப்பலில் அடித்து உடைக்கச் சொன்னார்கள். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது தடவை துணி துவைக்கிற மாதிரி ஓங்கி அடித்தாள். புட்டி உடைந்து, பக்கத்தில் நின்ற தளபதியின் பதக்கமெல்லாம் நனைந்தது. கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை வாரி எடுப்பதற்கான சின்னக் கப்பல் அது. ஆனால் அன்று பேசியவர்களைக் கேட்டிருந்தால், எதிரி அதைக் கண்டதும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஓடிவிடுவான் என்று நம்பியிருப்பீர்கள்.

அந்த வீரக் கப்பல் முதல் நாளே துறைமுகச் சுவரில் மோதியது. அடுத்த மாதம் மணலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு ஒருநாள் காலி எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் கண்ணிவெடி என்று நினைத்து மதியம் வரை சுட்டது. ஒரு குண்டுகூடப் படவில்லை. பீப்பாய் தானாக மூழ்கியது. மறுநாள் செய்தித்தாளில் மாபெரும் வெற்றி என்று வந்தது.

ஊரில் யாரும் கப்பல் என்று சொல்வதில்லை. கடைக்குப் போனால், "உங்க வீட்டுக்காரர் மணல்ல மாட்டிக்கிட்டாராமே?" என்பார்கள். அவளும் சளைக்கமாட்டாள். "அவரு எப்பவும் அப்படித்தான். தள்ளிவிட்டாத்தான் நகருவாரு" என்பாள். கூடவே குடியிருந்த நாத்தனாருக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடிக்காது. தம்பி உயிரோடு இருந்தபோது அவனைத் துப்புக்கெட்டவன் என்று திட்டிக்கொண்டிருந்தவள், அவன் கப்பலான பிறகு தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள்.

இப்படி இருக்கையில் காஜாக்காரிக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் ஆசை வந்தது. அதே கூடத்தில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்தான் ஆள். மனைவியை இழந்தவர். ஒரு கால் சற்றுக் குட்டை என்பதால் படையில் சேர்க்கவில்லை. அதற்காகவே ஊர் அவரை ஒரு மனுஷனாக மதிக்கவில்லை. அவள் கத்திரி மழுங்கினால், கேட்பதற்கு முன்பே தீட்டி வைத்துவிடுவார். கை கழுவினால் குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் நகருவார். அதைப் பார்த்த அன்றே அவளுக்கு மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், கொஞ்சம்கூட வெட்கப்படாமல்.

விஷயம் கப்பலின் காதுக்கு எட்டியது. எட்டவைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டனே வெள்ளைக் கையுறையும் வாசனைத் தைலமுமாக மாடி ஏறி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கப்பலுக்குப் பேர் கொடுத்தவரோட சம்சாரம் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்தக் கப்பல் மூழ்கிடும்னு பசங்க நம்புறாங்க. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா பசங்க பயப்படுறாங்க."

"கண்ணிவெடியக் கண்டா உங்க பசங்க பயப்பட மாட்டாங்களா சார்?"

"அது தொழில்மா."

"அப்ப நான்தான் அதவிடப் பெரிய வெடிங்கிறீங்க."

கேப்டன் சிரிக்கவில்லை. போர் முடியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டு, ஒரு பிஸ்கட் டின்னை வைத்துவிட்டுப் போனார். நாத்தனார் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதன்பிறகு ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளைக் காவல் காத்தது. மாஸ்டரோடு சினிமாவுக்குப் போன வாரம் கப்பலின் நங்கூரம் அறுந்ததாம். மழையில் இருவரும் ஒரே குடைக்குள் நடந்த அன்று சுக்கான் இறுகி, கப்பல் துறைமுக வாயிலிலேயே செக்குமாடு மாதிரி சுற்றியதாம்.

"ஏண்டி, உனக்கு அந்தக் குடையே வேணுமா? அத்தனை பேர் உசிரு உன் கையில இருக்குடி!" என்று நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"உசிரு என் கையிலன்னா அங்க கேப்டனுக்கு எதுக்கு அண்ணி சம்பளம்?"

விடுப்பில் வரும் மாலுமி எவனாவது கூடத்து வாசலில் வந்து நிற்பான். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொல்வான். கேப்டன் அனுப்பிய ஆள் என்று அவளுக்குத் தெரியும். அவள் கழுத்தையும் விரலையும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவான். ஒரு பயலாவது நடுக்கடலில் இப்படிக் கண்கொத்திப் பாம்பாக இருந்திருந்தால் அந்தக் கப்பல் சுவரில் மோதியிருக்காது.

இரண்டு வருடம் பொறுத்தாள். போர் முடிகிற வழியாக இல்லை. மாஸ்டருக்கு நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"தெரிஞ்சாத்தானே பயம் மாஸ்டர்? தெரியாம இருந்தா அவனுங்க பாட்டுக்கு இருப்பானுங்க. யாருக்கும் சொல்ல வேணாம்."

பக்கத்து ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் சாட்சி. திரும்பி வந்து அவரவர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தார்கள். ஊர் அறியாத அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கத்தான் பெரும்பாடு பட்டாள். நாத்தனார் முகம் கொடுத்துப் பேசினால்கூடச் சிரிப்பு வந்துவிடும்.

கல்யாணம் ஆகி இரண்டு மாதத்தில் கப்பல் கண்ணிவெடியில் ஏறி மூழ்கியது. செய்தி வானொலியில் வந்தபோது கூடத்தில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். மற்றவர்களை மீன்படகுகள் காப்பாற்றின.

மாஸ்டர் வெட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "நம்மாலயா?"

"பைத்தியமா உங்களுக்கு?" என்று சீறினாள். ஆனால் அன்றிலிருந்து அவள் காஜா கோணியது. அளவெடுத்து வெட்டினாலும் துளை பெரிதாகப் போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தைத்ததைப் பிரித்துத் தைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மடத்தனத்துக்குத் தானும் பயப்படுகிறோமே என்று அதைவிட அசிங்கமாக இருந்தது. செத்தவர்களில் யார் யார் வாசலில் வந்து நின்றவர்கள் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

கேப்டன் பிழைத்துவிட்டார். முதல் படகிலேயே ஏறியவர் எப்படிப் பிழைக்காமல் இருப்பார்? ஆஸ்பத்திரியில் இருந்தபடி செய்தித்தாளுக்குப் பேட்டி கொடுத்தார். கப்பலே போயும் இத்தனை பேர் உயிர் பிழைத்ததற்கு ஒரு வீரனின் மனைவி காத்த உறுதிதான் காரணம் என்று கண்கலங்கினாராம். நாத்தனார் அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

ஆறு மாதம் கழித்து, பிழைத்தவர்களில் ஐந்து பேர் அவளுக்கு நன்றி சொல்ல வந்தார்கள். நாத்தனார்தான் முன்னால் நடந்து கூடத்துக்கே கூட்டிவந்தாள். மெஷின்கள் நின்றன. நடுவில் நின்ற மூத்த மாலுமிக்குக் காதிலிருந்து கழுத்து வரை தீக்காயம்.

"நீங்க காத்திருந்ததாலதான்மா நாங்க இன்னிக்கு நிக்கிறோம்" என்று கைகூப்பினார்.

காஜாக்காரி கத்திரியைக் கீழே வைத்தாள். மாஸ்டர் தூரத்திலிருந்து வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். அவள் பார்த்தாள். நன்றியை வாங்கி வைத்துக்கொண்டால், சாகிற வரை அந்தப் பன்னிரண்டு பேரும் ரகசியமாகத் தன் கணக்கில் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் காத்திருக்கல. அதோ நிக்கிறாரே, அவருதான் என் வீட்டுக்காரர். எட்டு மாசமாச்சு. கப்பல் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே."

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடிப்பாவி! பன்னண்டு பேரக் கொன்னுட்டியேடி!"

மாலுமிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபப்படுவார்கள் என்று அவள் நினைத்தாள். கோபம் இல்லை. திருட்டுத்தனம் வெளிப்பட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். மூத்தவர்தான் பேசினார்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த இடம் வரைபடத்துல சிவப்புக் கட்டம் போட்டிருந்துச்சு. போகக்கூடாதுன்னு. கேப்டன் வரைபடத்தைப் பிரிச்சே பாக்கல. குறுக்கு வழின்னு உள்ள விட்டாரு. எங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியுமா?" என்றாள் காஜாக்காரி. "தெரிஞ்சுகிட்டேதான் எனக்கு நன்றி சொல்ல வந்தீங்களா?"

"அவரச் சொல்ல முடியாதுல்லம்மா. அவரு கேப்டன்."

ஆறு மாதம் சோறு இறங்காமல் கிடந்தது நினைவுக்கு வந்தது. மாஸ்டர் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். ஊர் பார்க்க அவள் புருஷனாக நிற்பது அதுதான் முதல் தடவை.

இளைய மாலுமி ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "புதுசா ஒரு கப்பல் கட்டுறாங்கக்கா. அதே பேருதான். கேப்டனும் அவருதான். புட்டி உடைக்க உங்களத்தான் கூப்பிடச் சொன்னாரு. உங்களப் பாத்துட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாரு."

காஜாக்காரி மாஸ்டரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பாத்தாச்சுல்ல? போய்ச் சொல்லு. இனிமே என்னைப் பாக்க ஆள் அனுப்ப வேணாம். வரைபடத்தப் பாக்கச் சொல்லு."