மேற்படியார் எழுதிய வாக்குமூலம்

கோர்ட் வாசலில் டைப்ரைட்டரில் மனு தட்டிக் கொடுக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவரிடம் மட்டும்தான் ஆட்கள் வெயிலில் காத்துக் கிடந்து எழுதி வாங்கிப் போவார்கள். பேச்சிலும் மனு வாடை அடிக்கும் மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தால், "மேற்படி டீல சர்க்கரையே இல்லையே" என்பார். மேற்படியார் என்றே பேர் விழுந்துவிட்டது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் எனக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன் மாதிரி.

அவருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. எதை எழுதினாலும் யாரும் கேட்காத ஒரு சின்னச் சங்கதியை உள்ளே சொருகுவார். வீட்டுக்காரன் துரத்திவிட்டான் என்று மனு போட்டால், கதவைச் சாத்தும்போது குழந்தையின் ஒற்றைச் செருப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று ஒரு வரி வரும்.

"செருப்பு நெஜமாவே மாட்டுச்சாண்ணே?"

"மாட்டியிருக்கும்மா. பெரிய விஷயத்த அதிகாரி நம்ப மாட்டாரு. சின்ன விஷயத்த நம்பிடுவாரு."

அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

அவருக்கு ஒரே பையன். இருபத்து நாலு வயசு. மின்விசிறி ரிப்பேர் பார்ப்பான், வாய் ஓயாமல் பேசுவான். பஸ் ஸ்டாண்டில் நடந்த ஒரு கைகலப்பில் அவனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் ஜெயிலிலிருந்து ஆள் வந்தது. துண்டால் தூக்கு மாட்டிக்கொண்டான் என்றார்கள். உடம்பை வாங்கப் போன இடத்தில் அண்ணன் பையனைப் புரட்டி முதுகைப் பார்த்துவிட்டார். முதுகு முழுக்க லத்தித் தழும்பு.

விசாரணைக்கு ஓர் அதிகாரியைப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது: தற்கொலை. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு தர வேண்டும், இல்லையென்றால் கோப்பு மூடப்படும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது.

பிரதி எடுக்க என் கடைக்குத்தான் கொண்டுவந்தார். நான் ஒவ்வொரு தாளாக மெஷினில் வைத்து எடுக்க எடுக்க, அவர் நின்றபடியே படித்துக்கொண்டு வந்தார். பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். பக்கத்து அறைக் கைதி ஒருவன் கொடுத்த வாக்குமூலம் அது. "மேற்படி நபர் இரண்டு நாட்களாகச் சாப்பிடாமல் கிழக்கு ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி இருந்தார். வீட்டு ஞாபகமா என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார்."

"அவன் இருந்த அறையில ஜன்னலே கிடையாதும்மா. விசாரணையப்போ கூட்டிட்டுப் போனாங்க, நான் பாத்தேன்" என்றார். அந்த வரியில் விரலை வைத்தார். "இது... இது நான் எழுதினது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தேன். மெல்ல மெல்லச் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜெயில் எழுத்தர் வந்திருக்கிறார். உள்ளே ஒருத்தன் தூக்கு மாட்டிக்கொண்டான், பக்கத்து அறைக் கைதியின் வாக்குமூலம் வேண்டும், அவனுக்குப் பேச்சும் வரவில்லை எழுத்தும் வரவில்லை, நீங்களே ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றிருக்கிறார். அண்ணன் எந்தக் கைதியையும் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஜன்னலை வைத்தார், சிரிப்பை வைத்தார். ஜெயில்காரர்கள் அதையே மாதிரியாக வைத்துக்கொண்டு, பேரையும் தேதியையும் மாற்றி, அவர் பெற்ற பிள்ளைக்கே போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அதற்கு நாலு பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான். படித்துக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கழுதை படித்துப் பார்த்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கும்?

மறுநாளே அதிகாரியிடம் போனோம். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"பொய் வாக்குமூலம் தயார் பண்ணினேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. உங்க மேல கேஸ் வரும். தெரியுதா?"

"தெரியுதுங்கய்யா. போடுங்க. என் பையன் எப்படி செத்தான்னு மட்டும் மறுபடி விசாரிங்க."

"அந்தப் பழைய வாக்குமூலம் எங்க? ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினாத்தான் நான் எதுவும் செய்ய முடியும்."

ஜெயிலில் கேட்டால் பழைய கோப்பைக் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். எழுத்தர் ஓய்வு பெற்றுவிட்டார், எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிரதி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் செத்தவனின் பெண்டாட்டிக்குக் கொடுத்தது. அண்ணனே தட்டிய விலாசம் என்பதால் தெரு ஞாபகம் இருந்தது. ஆனால் அவள் அங்கே இல்லை. வீடு மாறி வீடு மாறிப் போயிருந்தாள். நாய் படாத பாடு பட்டுத் தேடினோம். சாயங்காலம் வீடு திரும்பினால் அண்ணி வாசலிலேயே நின்று, "கெடைச்சுதா?" என்பாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார்.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் கண்டுபிடித்தோம். ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் சட்டைக் குவியல், நடுவில் அவள் நிற்க மட்டும் இடம். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். இவர் பையன் ஜெயிலில் செத்துவிட்டான், விசாரணை சரியில்லை, உங்கள் வீட்டுக்காரர் சாவு அறிக்கை கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றேன். யார் எழுதியது என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மாடிக்குப் போய் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள்களை எடுத்து வந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"பெத்த வயிறு எப்படி எரியும்னு எனக்குத் தெரியாதாண்ணே? எடுத்துக்கங்க" என்றாள்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. நான் அவர் முழங்கையை இடித்தேன். "கெளம்புங்கண்ணே, அப்புறம் பேசிக்கலாம்."

"வேலை முடிஞ்சதும் மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள் அவள். "எங்கள அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாரேன்னு அந்த மனுஷன நான் திட்டாத நாள் இல்ல. ஆனா கடைசியா வீட்ட நெனச்சு சிரிச்சாருன்னு அதுல இருக்கு. என் பொண்ணுக்கு அத மட்டும் படிச்சுக் காட்டித்தான் வளத்தேன்."

அண்ணன் நகரவில்லை. நான் இன்னொரு தடவை இடித்தேன். அந்த நிமிஷம் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

"அம்மா, அத எழுதினது நான்" என்றார். "யாரும் எங்கிட்ட வந்து சொல்லல. ஜன்னலும் பொய், சிரிச்சதும் பொய். நானா வெச்சேன்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. தாளைத் திரும்பப் பிடுங்கவும் இல்லை. 

"அப்ப அவரு எப்படிச் செத்தாரு?"

நாலு மாதமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அவர் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி.

"தெரியாதும்மா" என்றார். "அன்னிக்கு நான் கேக்கவே இல்ல."