அண்ணன் வைத்த பெரிய தலை

நெட்டுக்குப்பத்தை விட்டுத் திருவொற்றியூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஓடிப்போவது எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்பில் விட்டேன். அச்சாபீஸ், கரிக்கிடங்கு, ஓட்டல் எல்லாம் அப்படித்தான். அன்று விட்டுப்போனது அண்ணனை.

வண்ணாரப்பேட்டையில் பிறந்த அண்ணன், நைனா இறந்ததும் பதின்மூன்று வயதில் கொத்து வேலைக்குப் போனார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோயில் சிலைகள் செய்யத் தாமே பழகினார்கள். ஜப்பான் சண்டைக் காலத்தில், குண்டு விழும் என்று பட்டணம் காலியானபோது உப்பளத்தில் மூட்டை சுமந்து எங்களுக்குச் சோறு போட்டார்கள். யாரையும் கடிந்து பேசியதில்லை.

சண்டை முடிந்ததும் நெட்டுக்குப்பத்து அம்மன் கோயில் வாசல்மேல் காவல்காரர் சிலை செய்யும் வேலை கிடைத்தது. ஊரார் தங்கள் படகுக் கழிகளைத் தந்து சாரம் கட்டினார்கள். அண்ணன் வண்ணப்பொடி வாங்க யானைக்கவுனிக்குப் போன அன்று, நான் சாரத்தில் ஏறிச் சிலையைக் கயிற்றால் அளந்தேன். ஒரு முகத்துக்கு எட்டு மடங்கு உடல் என்று அண்ணனே சொல்லியிருந்தார்கள். இந்தத் தலையோ மிகப் பெரிது. காயாத சுண்ணாம்பைச் சீவிச் சரிசெய்தேன். உதவி என்றே நினைத்தேன். கடலுக்குப் போகக் கழி வேண்டும் என்று ஊரார் கேட்டதும் சாரத்தையும் பிரித்துக் கொடுத்தேன்.

அண்ணன் திரும்பியபோது ஊரே கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னா மேஸ்திரி, ஒடம்பு பயில்வான், தலை எலுமிச்சங்காயா?"

அண்ணன் என்னிடம் கேட்டார்கள்: "கீழ எறங்கிப் பாத்தியாடா?"

"கயிறு வெச்சு அளந்தேண்ணா. அளவு சரியாத்தான் கீது."

"அளவு சரிடா. பாக்கறவன் எங்க நிக்கிறான்?"

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் சரியாக இருக்கிற அளவு, உயரத்தில் எப்படித் தப்பாகும்? அந்தக் குழப்பத்தோடும் வெட்கத்தோடும்தான் நடந்தேன்.

பாதி வழியில், மீன்கூடையோடு வந்த குப்பத்து அக்கா ஒருவர் என்னை மறித்தார்.

"இன்னா தம்பி, ஓடிக்கினு கீறியா? உங்கண்ணன், தப்பு தன்னுதுதான்னு பெரியவங்களாண்ட சொல்லிட்டாரு. நாங்க மறுபடி கழி குடுத்து, அவரு தலைய சரி பண்ணாத்தான் அவரு மானம் நிக்கும். இல்லேன்னா எந்தக் குப்பத்துல அவரக் கூப்புடுவாங்க? நீ காத்து வாங்கினு போ!"

அவரைத் தாண்டி நடந்தேன். திருவொற்றியூர்ச் சத்திரத்தில் படுத்துக்கொண்டேன்.

ஊரார் அன்றே மீன்பிடிப்பை நிறுத்திக் கழிகளை மறுபடி தந்தார்கள். பல வருஷம் கழித்து, சென்ற ஆண்டு அண்ணன் நெஞ்சுவலியில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர்களும் அவர்களே. அவர்களுக்கும், அண்ணன் கண்மூடும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தத் தலையைக் கெடுத்தது அண்ணன் அல்ல, நான். இதைப் படிக்கிற உறவினரும் நண்பரும் இதை அறிய வேண்டும்.

சத்திரத்தில் விடிந்ததும் திரும்பி நடந்தேன். அண்ணன் சாரத்தின்மேல் இருந்தார்கள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நான் ஏறப் போனேன்.

"ஏறாத. அங்கயே நில்லு. அம்மனைக் கும்புட வர்றவங்க நிக்கிற எடத்துல நின்னு, தலை எப்பிடித் தெரியுதுன்னு சொல்லு."

அன்று காலை நான் சேர்ந்த வேலை அதுதான். அண்ணாந்து பார்த்தேன்; சாரத்தில் பெரிதாக இருந்த தலை கீழிருந்து சிறுத்துத் தெரிந்தது. கத்தினேன்:

"இன்னும் கொஞ்சம் பெருசா வெய்ண்ணா!"