நாதஸ்வர வேகத்தில் ஒரு ரேஸ் கார்

கவரைப்பேட்டைக்கு மேற்கே போய் ஆதிநாராயணன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கார்க்காரர் வீடு என்றால் போதும், கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பெயர்தான் மனிதரைக் குழியில் தள்ளியது.

நெல் விளைவிக்கிற குடும்பம். சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும்போதெல்லாம் வளைவுகளில் அடுக்குவதற்கு வைக்கோல் கட்டு அனுப்புவார். அறுபத்தெட்டில் பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவனின் சிவப்பு இத்தாலிக் கார், மேல்கூரை இல்லாதது, அந்த வைக்கோலில் வந்து சொருகி நின்றது. பிள்ளைக்கு அன்றோடு கார் சலித்துவிட்டது. இவருக்கு அன்றுதான் பித்துப் பிடித்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கிடந்த கரம்பு நிலத்தை விற்று அதை வாங்கினார். பின்னாளில் அங்கே தொழிற்பேட்டை வந்து, கரம்பெல்லாம் தங்கமானது. மனைவி சந்திரகலா அதைச் சொல்லிக்காட்டாத நல்ல நாள் கிடையாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். வாங்கின விலை சுண்டைக்காய். வண்டி தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும்; ஏரிக்கரை மண் ரோட்டில் வயிறு தட்டி ஆயில் தொட்டி ஓட்டையாகும். நெல் குதிர் இருந்த கொட்டகையில் நிறுத்தினால் எலி வயரைத் தின்றது. வெளிநாட்டுச் சாமான் வரக்கூடாது என்று சர்க்கார் கதவைச் சாத்தியிருந்ததால், ஒரு சின்ன வளையத்துக்கும் கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். புதுப்பேட்டையிலிருந்து யேசுதாஸ் என்ற மெக்கானிக் வருவார்.

"இன்னா கோளாறு யேசுதாஸ்?"

"பிரிச்சாத்தான் சார் தெரியும்."

பிரித்த பிறகு கேட்டால், "பிரிச்சதுல இன்னொண்ணும் பூட்ச்சு சார்" என்பார். பாவம், அவர் மேல் குற்றமில்லை. அந்த மாதிரி வண்டியை அவரும் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு கிளட்ச். அதற்குக் காரணம் ஊர் வழக்கம். சுற்றுப்பட்டு ஊர்களில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் கார்க்காரர் வீட்டுத் திறந்த கார்தான். தாம்பூலத் தட்டோடு வந்து கேட்பவரிடம் இல்லை என்பது கல்யாண வீட்டையே அவமதிப்பது. நாதஸ்வரக்காரர் முச்சந்திக்கு முச்சந்தி நின்று வாசிப்பார். பின்னால் கார் ஆமையாக ஊர வேண்டும். காற்றாய்ப் பறக்கச் செய்த வண்டி. கிளட்சைப் பாதி மிதித்தபடியே மணிக்கணக்கில் உருட்டினால் பிளேட் கருகாமல் என்ன செய்யும்?

"இது குதிரை சார். நீங்க பல்லக்கு தூக்கச் சொல்றீங்க" என்று யேசுதாஸ் பலமுறை சொல்லிவிட்டார்.

ஒரு கிளட்சுக்கு மாந்தோப்பு போனது. கியர்பாக்ஸுக்குக் கிழக்குக் கழனி போனது. மிஞ்சியது ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். சந்திரகலாவுக்கு அவள் தகப்பனார் கொடுத்தது. வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

ஆதிநாராயணனுக்குக் கார் மேல் இருந்த ஆசை எப்போதோ செத்துவிட்டது. இப்போது அதைக் கண்டாலே பயம். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. புலிவாலைப் பிடித்த கதைதான். கடைசியில் எழுபத்துநாலு ஆவணியில் சின்னதுரை என்ற தரகர் வந்தார். சினிமாக் கம்பெனிகளுக்குப் பழைய கார் பிடித்துத் தருபவர்.

"தானா ஸ்டார்ட் ஆயி, ரோட்டுல ஒரு ரவுண்டு வந்தா போதுங்க. வெள்ளிக்கெழம மத்தியானம் வரேன், ரெடியா வைங்க" என்றார்.

சந்திரகலா அன்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மறுநாளே பக்கத்துத் தெரு பச்சையப்பன் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார். அதே வெள்ளிக்கிழமை காலை அவர் மகளுக்கு முகூர்த்தம். வியாழன் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு.

"இந்த ஒரு தபா வேணாங்க" என்று சந்திரகலா உள்ளேயிருந்து கெஞ்சினாள். பச்சையப்பன் காதிலும் அது விழுந்தது. நல்ல மனிதர், விஷயமும் தெரிந்தவர்.

"ஆதிண்ணா, பேஜாரே வேணாம். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நீ சும்மா குந்திக்கினு ஸ்டேரிங்க புடி. நம்ம ஆளுங்க பின்னால தள்ளிக்கினு வருவாங்க. மேளச் சத்தத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

எவ்வளவு நல்ல யோசனை! கிளட்சும் பிழைக்கும், மரியாதையும் பிழைக்கும். ஆதிநாராயணனும் தலையாட்டினார்.

வியாழன் சாயங்காலம் ரோஜா மாலை சுற்றிய காரில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். தள்ளுவதற்கு ஆட்கள் பின்னால் கை வைத்தார்கள். அப்போது மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் எவனோ, "இன்னாடா, கார்க்காரர் ஊட்டு வண்டின்னாங்க, கட்டைவண்டி கணக்கா தள்றாங்க?" என்று சிரித்தான்.

அவ்வளவுதான். ஆதிநாராயணன் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிய உறுமலில் மேளம் நின்றுவிட்டது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், கூட்டம் ஓவென்று ஆரவாரித்தது. செத்துப்போன ஆசை ஒரு நிமிஷம் உயிரோடு எழுந்து வந்தது. "வேணாண்ணா" என்று பச்சையப்பன் தோளைத் தொட்டதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

பிள்ளையார் கோவிலைத் தாண்டுவதற்குள் கருகல் நாற்றம் கிளம்பிவிட்டது. வண்டி கத்தியது, நகரவில்லை. மிச்ச ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையோடு அதைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வந்த சின்னதுரை நின்றபடியே பார்த்தார். "கிளட்ச் போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று பஸ் ஏறிவிட்டார்.

"எங்க நைனா குடுத்த நெலம். அதுல ஒரு புடி மண்ணு கூட இந்த வண்டிக்குக் கெடையாது" என்றாள் சந்திரகலா.

"சரி" என்றார் ஆதிநாராயணன். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். துருப்பிடித்துக் கிடக்கட்டும் என்று கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தியபோது அவருக்கு மூச்சு லேசானது. வெட்கமும் இருந்தது, ஆனால் விடுபட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர்த் துலுக்காணம் தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்றார்.

"ஐப்பசியில பொண்ணுக்குக் கல்யாணங்க. உங்க கார் வரும்னு சம்பந்தி ஊட்ல சொல்லிட்டேன். பச்சையப்பன் ஊட்டு ஊர்வலத்துல எதோ ரிப்பேர்னு கேள்விப்பட்டேன். கார்க்காரர் ஊட்டு வண்டி அப்டியே நின்னுடுமான்னு நானே எல்லாருக்கும் பதில் சொல்லிக்கினு வரேன்."

சந்திரகலா நிலைப்படியில் வந்து நின்றாள். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயையே பார்த்தபடி காத்திருந்தாள்.

ஆதிநாராயணன் தட்டை வாங்கிக்கொண்டார். "வராம எங்க போவும்? வந்துடும்" என்ற தன் குரலைத் தானே கேட்டார்.

துலுக்காணம் கும்பிட்டுவிட்டுத் தெருக்கோடி திரும்பினார். அப்புறம் சந்திரகலா சண்டை போடாத குரலில் சொன்னாள்: "நாளைக்கு நைனா நெலத்துல நாத்து விட ஆளு சொல்லியிருந்தேன். வர வேணாம்னு சொல்லிடறேன்."