தரகர் அழித்த வரி

எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் ஜென்மப் பகை. மேலே மென்பொருள் எழுதுகிறவர்கள். கீழே அதைச் சர்வரில் ஏற்றி, விழாமல் காப்பவர்கள். விழுந்துவிட்டால், "எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுச்சு" என்று மேலிருந்து குரல் வரும். "அப்ப உங்க கம்ப்யூட்டரையே கஸ்டமருக்கு அனுப்பிடுங்க" என்று கீழிருந்து பதில் போகும்.

இரு வீட்டாரையும் சேர்த்துவைக்க நிர்வாகம் ஒருவரை நியமித்தது. 'டெவ்ஆப்ஸ் கலாசார மாற்றத் தலைவர்' என்று பதவி. அவ்வளவு நீளத்துக்கு நாக்கு ஒத்துழைக்காததால் தரகர் என்றோம். இந்தப் பதவிக்குத் தொலைநோக்கும் கோட்டும் அவசியம் என்று நிர்வாகம் நம்பியது. தரகரிடம் இருந்தவை இரண்டு காதுகள், படியேறச் சலிக்காத முழங்கால்கள். மூன்று மாதம் ஏறினார், இறங்கினார், கேட்டார். வேறெதுவும் செய்யவில்லை.

பிறகு இரண்டாம் மாடிப் படியருகே ஒரு வெள்ளைப்பலகையை மாட்டினார். தவறு செய்தவர் தம் கையாலேயே அதில் எழுத வேண்டும். 'யார்' என்று எவரும் கேட்கக் கூடாது. 'எப்படி' என்று கேட்கலாம். எழுதியவர் வேலைக்கு ஆபத்து வராது என்று இயக்குநரிடம் வாக்கும் வாங்கியிருந்தார்.

முதல் வரி அவருடையது: 'பன்னிரண்டு வருஷம் முன்பு, வேறு கம்பெனியில், மொத்தத் தகவலையும் அழித்தது நான். பக்கத்து நாற்காலிக்காரருக்கு வேலை போனது. நான் வாயைத் திறக்கவில்லை.'

அன்று காபி மெஷின்கூட அடக்கி வாசித்தது.

அதன்பின் பலகை நிறைய ஆரம்பித்தது. தரகர் வீட்டுக்கும் அது தொற்றியது. "பால் பொங்கிடுச்சு. யாருன்னு கேக்காதீங்க, எப்படின்னு கேளுங்க" என்றாராம் அவர் மனைவி.

முதல் மாடி அக்கா இருபது வருடமாகச் சர்வர்களை மேய்ப்பவர். கணவர் படுத்த படுக்கை. அக்காவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஒரு மதியம், சோதனைச் சர்வர் என்று நினைத்து அசல் சர்வரை நிறுத்திவிட்டார். நான்கு மணி நேரம் எல்லாம் முடங்கியது. அக்கா நேரே போய் எழுதினார்: 'நிறுத்தினது நான்தான். ரெண்டு திரையும் ஒரே நிறம்.' மேல்வீட்டார் பத்தே நிமிடத்தில் அசல் திரையைச் சிவப்பாக்கினார்கள். ஜென்மப் பகை தீர்ந்ததென்று நாங்கள் நினைத்த நாள் அது.

ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக்காக, யாரையாவது வேலையைவிட்டுத் தூக்கியாக வேண்டும் என்று பெரிய கஸ்டமர் ஒருவர் தலை கேட்டார். இயக்குநர் தரகரை அழைத்தார்.

"கொள்கையெல்லாம் சரிங்க. பேரு மட்டும் குடுங்க."

"வாக்கு குடுத்தீங்களே, சார்?"

"வாக்குக்கு என்ன, அது பத்திரமா இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு நானே வந்து பலகையில இருக்கறது யாரு எழுத்துன்னு பாக்கறேன்."

ஒன்பதரைக்குத் தரகர் அக்காவின் வரியை அழித்தார். 'நிறுத்தியது நான்' என்று தம் கையால் எழுதினார். படியேறி வந்த அக்கா நின்றுவிட்டார்.

"அண்ணே, இது உங்க எழுத்து!"

"புருஷனுக்கு மருந்து வாங்கணும்ல? பேசாம போம்மா."

அக்கா பேசாமல் போனார். சர்வரைத் தொட அனுமதியே இல்லாத மனிதர் அதை நிறுத்தினார் என்பதை நிர்வாகம் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மாலைக்குள் தரகரின் அடையாள அட்டை பறிபோனது. யார் செய்தது என்று எங்கள் நாற்பது பேருக்கும் தெரியும். நாற்பது பேரும் மிகுந்த கட்டுப்பாட்டுடன் எங்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு பலகையில் எவரும் எழுதவில்லை. தவறுகள் அடியோடு ஒழிந்ததாக ஆண்டறிக்கை சொல்கிறது.

இரண்டு மாதம் கழித்து அக்கா தரகரின் வீட்டுக்குப் போனார். அதை எனக்குச் சொன்னதும் அவர்தான்.

"அன்னைக்கு நான் வாயத் திறந்திருக்கணும்ணே. பலகையப் பாக்க முடியாம, மேல போகணும்னா பின்பக்கப் படியில ஏறிப் போறேன்."

தரகர் வழக்கம்போல் முழுவதையும் கேட்டார்.

"இந்த உறுத்தல் போக எத்தன நாள் ஆகும்ணே?"

"தெரியலம்மா. எனக்கு இன்னும் போகல."