சூலூரிலிருந்து மதுரைக்கு முக்கால் மணி நேரம்

முதியோர் பள்ளி நண்பர்களே, இன்று காலை திருமங்கலத்தில் என் பேத்தியின் கல்யாணம். நடந்ததை என் கையாலேயே எழுதி நம் பள்ளிப் பலகையில் ஒட்டுகிறேன்.

பெண்ணின் தாய்மாமன் சூலூர் விமானத் தளத்தில் மெக்கானிக். அவன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணவறை ஏற வேண்டும். முகூர்த்தம் ஒன்பது மணியோடு முடிகிறது.

அவன் கடிதத்தை முந்தாநாள் நான்தான் எல்லோருக்கும் வாசித்தேன். "கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு விமானத்தில் ஏறுகிறேன். மதுரை நூறு மைல். முக்கால் மணி நேரம்."

சரியாக ஏழே முக்காலுக்குப் பந்தலுக்கு மேலேயே விமானம் பறந்தது. பெண்ணின் அம்மாவான என் மருமகள், தன் தம்பியை வரவேற்க ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினாள்.

எட்டரை ஆயிற்று. ஆளைக் காணவில்லை.

"ஏம்மா, ஒன் தம்பி நேரா ராமேஸ்வரம் போயிட்டானா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "இன்னும் எம்புட்டு நேரம் பாக்குறது? வேற யாரையாச்சும் மாலை போடச் சொல்லு."

மருமகள் தட்டோடு தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விமானம் இறங்கும் மைதானத்துக்கு நாங்கள் வண்டியே அனுப்பவில்லை. அங்கிருந்து இங்கே பத்து மைல்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, தாய்மாமன் இரவல் சைக்கிளில் வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினான்.

"மேலருந்து நம்ம பந்தல் தெரிஞ்சுச்சுக்கா. இங்கயே எறக்கி விடுங்கன்னேன், கேட்டாத்தானே."

மூச்சு வாங்கிக்கொண்டே மாலையைப் போட்டான். பேத்தி மணவறை ஏறினாள்.

கடிதத்தை வாசித்த அன்று வீட்டில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். மீதிப் பத்து மைலுக்கு என்ன வழி என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா? உண்மையைக் கீழே எழுதுங்கள். இப்போது என்னாலும் வாசிக்க முடியும்.