பாலம் வருது, டக்

ஸ்டோக் நகரத்து மாடி பஸ்ஸைப் பாதி ஆயுள் ஓட்டியவள் மாக்சின் ப்ளூர். பனி உறைந்த மேட்டிலும் அவள் பஸ் வழுக்கியதாகப் பேச்சே கிடையாது. அப்பேர்ப்பட்டவள், கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியைக்கான பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை.

அந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் "டக்" தான். நம்மவர்கள் கண்ணு, ராசா என்கிற மாதிரி. மீசை வைத்த முரடர்கள்கூட ஒருத்தரையொருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வாத்துக்கும் அதே சொல்தான், "தலையைக் குனி" என்பதற்கும் அதே சொல்தான். ஊர்க்காரர்கள் யாரும் இதில் குழம்பியதில்லை. வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து சேர்ந்தான், போயிற்று.

பஸ் வேலையை விட்டுவிட்டு மாக்சின் பயிற்சி ஆசிரியைக்கான இளஞ்சிவப்பு அட்டையைக் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். அது இருந்தால் காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தரலாம். ஆறு மாதம்தான் கெடு. அதற்குள் அதிகாரியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஒரு ஆளுக்குப் பாடம் நடத்திக் காட்டித் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் முதலிலிருந்து எல்லாப் பரீட்சையும் எழுத வேண்டும்.

முதல் பரீட்சையன்று வழக்கமாக வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல். கைக்குக் கிடைத்தவன் ஹ்யூகோ, தென்கடற்கரையிலிருந்து படிக்க வந்தவன். தாழ்வான ரயில் பாலம் எதிரே வந்தது. "பாலம் வருது, டக்" என்றாள் மாக்சின், வாஞ்சையோடு. அந்தப் பிள்ளை மோவாய் ஸ்டியரிங்கில் இடிக்கக் குனிந்துகொண்டான். பின்சீட்டு அதிகாரியும் வெளியூர், அவரும் குனிந்தார். காரில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். தன் பக்கத்து பிரேக்கை அவள் மிதித்திராவிட்டால் கார் நடைபாதையில் ஏறியிருக்கும்.

இரண்டாவது தடவை, அந்தச் சொல்லே வாயில் வரக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். விளைவு, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு பாடம். பாதி வழியில், வழக்கமாக வருகிற அந்தப் பெண், தன்மேல் என்ன கோபம் என்று கேட்டு அழுதே விட்டாள். தேறுவாளா பின்னே?

கெடு முடிந்தது. இன்னொரு அட்டைக்கு மனுப்போட்டாள். தர முடியாது என்று அட்டை கொடுக்கிற அலுவலகம் கைவிரித்தது. அட்டை இல்லையென்றால் பிழைப்பு இல்லை, மிச்சமிருக்கும் ஒரே வாய்ப்புக்கு முன்னால் பாடம் நடத்திப் பழக ஆளும் இருக்காது. மேல்முறையீடு செய்தாள்.

அக்கா புருஷன் க்ளைவ் யோசனை சொல்ல வந்தார்.

"முதுகுவலின்னு சொல்லு மாக்சின். முதுகைப் பத்தி எந்த ஜட்ஜும் குடைய மாட்டாங்க."

"என் முதுகு ஜம்முனு இருக்கு, டக். அதுமேல பொய்யை ஏத்தமாட்டேன்."

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது, அவள் வீட்டுச் சமையலறை மேஜையில். அட்டை என்பது அனுபவத்துக்குத்தானே தவிரப் பிழைப்புக்கு அல்ல என்றார் அலுவலகத்து ஆள். காசு வாங்காமல் கற்றுக்கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை என்றும் சொன்னார். ஏன் தேறவில்லை என்று நீதிபதியம்மா கேட்டார். மாக்சின் பாலத்தையும் சொன்னாள், ரயில் நிலைய அறிவிப்பையும் சொன்னாள். யார்மேலும் பழி போடவில்லை.

"ஒருதடவை அந்த வார்த்தையால போச்சு, ஒருதடவை அது இல்லாம போச்சு. இப்பதான் எனக்குப் புரியுது, நான் நானா இருந்தாத்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்க வரும். யாரு பக்கத்துல உக்காந்திருக்காங்கன்னு மொதல்ல பாத்துக்கணும், அவ்வளவுதான். நடந்தது இதான், டக்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நீதிபதியம்மா தண்ணீர் எடுத்துக் குடித்தார், ரொம்ப நேரம் குடித்தார்.

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் சந்தேகப்படல. ஆனா ஆறு மாசம் போதும்னு வச்சிருக்காங்க. அதுக்கு மேல தர்றதுக்குக் காரணம் வேணும். உண்மையைச் சொன்னீங்கங்கறது மட்டும் காரணம் ஆகாது."

தோற்றுப்போனாள். அன்று நன்றாக அழுதாள். அழுது முடித்து, வெந்நீரும் கத்தியும் எடுத்துப்போய் அட்டையைச் சுரண்டி எடுத்தாள். வாரக்கடைசியில் பஸ் ஓட்ட மறுபடி சேர்ந்தாள். மற்ற நாளெல்லாம் எர்னி மேச்சினுக்குச் சும்மாவே கற்றுக்கொடுத்தாள்.

எர்னி சூளையில் பீங்கான் சுட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் கார் ஓட்டியது எப்போதும் அவர் மனைவிதான். அந்தம்மாவுக்குக் கண்பார்வை குறைந்துபோனதால் இவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கிளட்ச்சை விடுவதற்குள் உயிரை வாங்கிவிடுவார். பாடத்துக்கு வரும்போதெல்லாம் சீஸ் வைத்து மடித்த ஓட்ஸ் தோசை ஒன்றைச் சுடச்சுடப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். மாக்சின் தொடமாட்டாள். அதுவும் கூலிதானாம், அட்டை இல்லாமல் கூலி வாங்கினால் சட்டப்படி தப்பாம். வாசனை கார் பூராவும் சுற்றும், அவள் எச்சில் விழுங்கிக்கொண்டே கியரைப் பற்றிப் பேசுவாள். ரோஷக்காரி!

கடைசி வாய்ப்புக்கும் எர்னியைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். பின்சீட்டில் பார்த்தால், குனிந்தாரே, அதே அதிகாரி! வழியில் அதே பாலம். ஆனால் பக்கத்தில் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"பாலம் வருது, டக். மெதுவா."

எர்னி பதவிசாக வேகத்தைக் குறைத்து, நடுவில் பிடித்து, பாலத்தைத் தாண்டினார். பின்சீட்டிலும் இந்தத் தடவை தலை குனியவில்லை.

தேறிவிட்டாள் என்று அதிகாரி சொன்னதும் எர்னி பொட்டலத்தை நீட்டினார். மாக்சின் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டினாள். ஆசிரியைக்கான பச்சை அட்டை இன்னும் வரவில்லையே! எர்னி தலையில் அடித்துக்கொண்டார்.

பச்சை அட்டை வந்த காலையில், இளஞ்சிவப்பைச் சுரண்டிய அதே இடத்தில் அதை ஒட்டினாள். கோணலாக இருக்கிறதா என்று வெளியே போய் நின்று பார்த்தாள். எர்னி வழக்கம்போலப் பொட்டலத்தோடு வந்து காரில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். அவர் சாவியைத் திருப்புவதற்குள் மாக்சின் கையை நீட்டினாள்.

"இப்ப குடுங்க, டக்."